கிரியேட்டின்: முதல் டப்பா வாங்குகிறவர்களுக்கு

போன மாதம் எங்கள் ஜிம்மில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி, பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். “அண்ணா, இது ஸ்டீராய்டா?” என்று கேட்டான். கேட்கும்போதே குரல் இறங்கிவிட்டது. வாங்கிப் பார்த்தேன். கிரியேட்டின் மோனோஹைட்ரேட், 250 கிராம். சீல் அப்படியே இருந்தது. வாங்கி மூன்று வாரம் ஆகிவிட்டதாம். “இந்த வெள்ளைப் பொடியைக் குடிச்சா கிட்னி போயிடும்” என்று அம்மா சொல்லிவிட்டதால், பீரோவில் துணிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்திருக்கிறான். குடிக்கவும் பயம், தூக்கிப் போடவும் மனசு வரவில்லை.

அன்று பயிற்சி முடிந்து டீக்கடையில் நின்று அவனிடம் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. ஏழு வருடமாக எடைப் பயிற்சி செய்கிறேன், அதில் நான்கு வருடமாகக் கிரியேட்டின் எடுக்கிறேன். நடுவில் ஒரு முறை ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்துவிட்டு இரண்டு வாரம் சரியாகத் தூங்கவில்லை. உங்களுக்கு அந்த நிலைமை வரக்கூடாது என்பதற்காகவே அந்தப் பகுதியைக் கொஞ்சம் நீளமாக எழுதியிருக்கிறேன்.

இது என்ன பொருள்?

ஸ்டீராய்டு இல்லை. ஹார்மோனும் இல்லை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் இது கிடையாது. உங்கள் உடம்பில் இப்போதே கிரியேட்டின் இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவருக்குச் சுமார் 120 கிராம் இருக்கும். அதில் 95 சதவீதம் தசைகளுக்குள். கல்லீரலும் சிறுநீரகமும் மூன்று அமினோ அமிலங்களை வைத்து தினமும் ஒரு கிராம் அளவுக்கு இதைத் தயாரித்துக்கொண்டே இருக்கின்றன. கறி, மீன் சாப்பிடுகிறவர்களுக்கு மீதி அங்கிருந்து வந்துவிடுகிறது. 1832-ல் செவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இறைச்சியிலிருந்துதான் இதை முதலில் பிரித்தெடுத்தார். கிரேக்க மொழியில் இறைச்சிக்கு உள்ள சொல்லை வைத்தே பெயரும் வைத்தார்.

அந்தக் கதையைக் கேட்டதும் சைவக்காரர்கள் பின்வாங்குவார்கள். தேவையில்லை. இன்றைக்குக் கடையில் கிடைக்கும் கிரியேட்டின் எந்தப் பிராணியிலிருந்தும் எடுப்பதில்லை. சார்கோசின், சயனமைடு என்ற இரண்டு வேதிப்பொருள்களைச் சேர்த்துத் தொழிற்சாலையில் செய்கிறார்கள். மாத்திரைக் கூடு வடிவத்தில் வாங்கினால் மட்டும் அந்தக் கூடு ஜெலட்டினால் ஆனதா என்று பாருங்கள். டப்பாவில் பச்சைக் குறி இருந்தால் போதும். சொல்லப்போனால் சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் இதில் பலன் அதிகம். பருப்பிலும் காய்கறியிலும் கிரியேட்டின் கிட்டத்தட்டக் கிடையாது, பாலில் இருப்பது பேருக்குத்தான். அதனால் அவர்கள் தசையில் இருப்பு குறைவாக இருக்கும், கொடுத்தால் நன்றாக ஏறும். அசைவக்காரர்களிலேயே சிலருக்கு இருப்பு ஏற்கெனவே நிரம்பியிருக்கும். அவர்கள் எவ்வளவு குடித்தாலும் பெரிய மாற்றம் தெரியாது. இதில் யாருடைய தப்பும் இல்லை.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். தசை சுருங்குவதற்கு ஏ.டி.பி. என்ற மூலக்கூறு வேண்டும். அதைச் சட்டைப் பையில் இருக்கும் சில்லறை என்று வைத்துக்கொள்ளுங்கள். கனமான எடையைத் தூக்கும்போது அந்தச் சில்லறை சில நொடிகளிலேயே தீர்ந்துவிடும். சாப்பிட்ட சோறும் உடம்பில் உள்ள கொழுப்பும் வங்கியில் போட்ட பணம் மாதிரி. இருக்கிறது, ஆனால் எடுத்து வர நேரம் ஆகும். நடுவில் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கல்லாப்பெட்டி இருக்கிறது. தசைக்குள் பாஸ்பேட்டுடன் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கிரியேட்டின்தான் அந்தக் கல்லா. தீர்ந்த ஏ.டி.பி.யை அந்த இடத்திலேயே திரும்ப நிரப்பித் தருகிறது. அதுவும் பத்து நொடி அளவுக்குத்தான். நீங்கள் வெளியிலிருந்து எடுக்கும் பொடி அந்தக் கல்லாவைச் சுமார் 20 சதவீதம் பெரிதாக்குகிறது. அவ்வளவுதான் அதன் வேலை.

இதனால் என்ன கிடைக்கும்?

பெஞ்ச் பிரஸில் ஒரு எடையை எட்டு முறை தூக்கிக்கொண்டிருந்தவர் ஒன்பதாவது ரெப்பும் போடுவார், சில நாள் பத்தாவதும் போடுவார். முதல் செட்டில் இருந்த தெம்பு மூன்றாவது செட்டிலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். இப்படி ஒவ்வொரு பயிற்சி நாளிலும் கூடும் ஒன்றிரண்டு ரெப்புகள் மூன்று நான்கு மாதத்தில் பலமாகவும் தசையாகவும் சேர்கின்றன. பொடி நேரடியாகத் தசையை வளர்ப்பதில்லை. கூடுதலாக உழைக்க வழிவிடுகிறது, உழைப்பு தசையை வளர்க்கிறது. பயிற்சிக்கே போகாமல் பொடியை மட்டும் குடித்தால் சிறுநீரோடு காசு போகும்.

எந்த விளையாட்டுக்கு உதவும் என்பதும் இதிலிருந்தே தெரிந்துவிடும். எடை தூக்குவது, 100 மீட்டர் ஓட்டம், கபடியில் 30 நொடிக்குள் பாடிப்போய் இழுத்துக்கொண்டு திரும்புவது என்று குறுகிய நேரத்தில் முழுப் பலத்தையும் போடும் வேலைகளுக்கு உதவும். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் வென்ற பிரிட்டன் வீரர் லின்ஃபோர்டு கிறிஸ்டி இதைப் பயன்படுத்தினார் என்று பத்திரிகைச் செய்தி வந்த பிறகுதான் உலகம் முழுக்க இந்தப் பொடி பரவியது. அதே ஆண்டில்தான், தினமும் 20 கிராமுக்குக் குறையாமல் எடுத்தால் தசையில் இருப்பு கூடுகிறது என்பதை ஹாரிஸ், சோடர்லுண்ட், ஹல்ட்மன் ஆகிய மூன்று ஆராய்ச்சியாளர்களும் தசைத் துணுக்கை எடுத்துச் சோதித்துக் காட்டினார்கள். மாரத்தான் ஓடுகிறவர்களுக்கு இது பெரிதாக உதவாது. உடம்பில் ஏறும் தண்ணீர் எடை அவர்களுக்குச் சுமையாகவும் ஆகலாம்.

கொழுப்பு கரையுமா, முகம் பொலிவாகுமா, ஞாபகசக்தி கூடுமா என்றெல்லாம் கேட்கிறார்கள். கொழுப்பைக் கரைக்காது. மூளைக்குப் பயன் உண்டா என்ற ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது, அதை நம்பிக் காசு செலவழிக்கும் கட்டம் இன்னும் வரவில்லை.

யார் எடுக்கக் கூடாது?

சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள், ஒரே சிறுநீரகம் உள்ளவர்கள், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ கட்டுக்குள் இல்லாதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் டப்பாவைத் திறக்க வேண்டாம். வலி மாத்திரைகளை நாள்கணக்கில் போடுகிறவர்களும், சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய வேறு மருந்து எடுக்கிறவர்களும் அப்படியே. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இப்போது தவிர்த்துவிடுங்கள். 18 வயதுக்குக் கீழே இருக்கும் பையன்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: நேரத்துக்குச் சாப்பிட்டு, எட்டு மணி நேரம் தூங்கி, தண்டாலையும் பஸ்கியையும் ஒழுங்காகப் போட்டாலே அந்த வயதில் உடம்பு ஏறும். பொடிக்கு அவசரம் இல்லை.

ஜிம்மில் சேர்ந்த முதல் வாரத்திலேயே வாங்குவதும் வீண்தான். குறைந்தது மூன்று மாதம் பயிற்சி செய்யுங்கள். அதற்குப் பிறகும் வருகிறீர்கள் என்றால் வாங்குங்கள்.

டப்பாவுக்கு முன் ரத்தப் பரிசோதனை

இதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் படி. முக்கால்வாசிப் பேர் தாண்டிப் போவதும் இதைத்தான். நானும் தாண்டித்தான் போனேன்.

கிரியேட்டின் வேறு, கிரியேட்டினின் வேறு. பெயரில் உள்ள ஒற்றுமைதான் இத்தனை குழப்பத்துக்கும் காரணம். தசையில் உள்ள கிரியேட்டின் வேலை செய்து தீர்ந்தபின் தினமும் ஏறக்குறைய இரண்டு கிராம் அளவுக்குக் கிரியேட்டினின் என்ற கழிவாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியே அனுப்புகிறது. சிறுநீரகம் கெட்டுப்போனால் இந்தக் கழிவு ரத்தத்தில் தேங்கும். அதனால்தான் மருத்துவர்கள் ரத்தத்தில் கிரியேட்டினின் அளவைப் பார்த்து, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று கணிக்கிறார்கள். அறிக்கையில் இ.ஜி.எஃப்.ஆர். என்று இருக்கும் எண்ணும் இதை வைத்துப் போடும் கணக்குதான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். நீங்கள் வெளியிலிருந்து கிரியேட்டின் எடுத்தால் கழிவும் கொஞ்சம் கூடும். தசை அதிகமுள்ளவருக்கு இயல்பாகவே கூடுதலாக இருக்கும். சிறுநீரகத்துக்கு ஒன்றுமே ஆகியிருக்காது, அறிக்கையில் எண் மட்டும் ஏறியிருக்கும். கணக்குப் போடும் இயந்திரத்துக்கு இது தெரியாது.

எனக்கு நடந்தது இதுதான். அலுவலகத்தில் எல்லோருக்கும் வருடாந்தர உடல் பரிசோதனை ஏற்பாடு செய்திருந்தார்கள். திங்கட்கிழமை காலை. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, காலையில் ஸ்குவாட் போட்டுக் கால் நடுங்க வீட்டுக்கு வந்து, மதியம் மட்டன் குழம்பை ஒரு பிடி பிடித்திருந்தேன். கிரியேட்டின் ஆரம்பித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அறிக்கையில் கிரியேட்டினின் 1.42 என்று தடித்த எழுத்தில், பக்கத்தில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறியோடு இருந்தது. ஆண்களுக்கு 1.3 வரை இருக்கலாம் என்று அதிலேயே போட்டிருந்தார்கள். படிவத்தை நிரப்பிய ஊழியர் என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டபோது நான் “ஒன்றும் இல்லை” என்று சொல்லியிருந்தேன். பொடியை மருந்து என்று நான் நினைக்கவே இல்லை.

அன்று இரவு இணையத்தில் தேடித் தேடி, டயாலிசிஸ் செலவு வரைக்கும் போய்விட்டேன். மறுநாள் ஒரு சிறுநீரக மருத்துவரைப் பார்த்தேன். அவர் அறிக்கையைப் பார்த்துவிட்டு என் தோள்களைப் பார்த்தார். “ஜிம்முக்குப் போறீங்களா? பவுடர் ஏதாவது?” என்றார். சொன்னேன். முந்தின நாள் என்ன சாப்பிட்டேன், என்ன பயிற்சி செய்தேன் என்றும் கேட்டார். மூன்று வாரம் பொடியை நிறுத்தச் சொன்னார். பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பிருந்து கடும் பயிற்சியும் கறியும் வேண்டாம் என்றார். சிஸ்டாட்டின் சி என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனையும், சிறுநீரில் புரதம் கசிகிறதா என்ற பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார். சிஸ்டாட்டின் சி தசையையோ கிரியேட்டினையோ பொறுத்து அதிகம் மாறுவதில்லை. அதனால் இப்படிப்பட்ட சந்தேகத்துக்கு அதுதான் சரியான பரிசோதனை. எல்லாம் இயல்பாக வந்தன. கிரியேட்டினின் 1.1-க்கு இறங்கியிருந்தது.

ஆரோக்கியமான சிறுநீரகத்தைப் பரிந்துரைத்த அளவு கிரியேட்டின் கெடுக்காது என்பது பல வருட ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. சர்வதேச விளையாட்டு ஊட்டச்சத்துச் சங்கம் 2017-ல் வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கையும் அதையே சொல்கிறது. இதில் “ஆரோக்கியமான” என்ற சொல்லைத்தான் கவனிக்க வேண்டும். உங்கள் சிறுநீரகம் ஆரோக்கியமாக இருக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? ஆரம்பக் கட்டச் சிறுநீரகக் கோளாறு வலிக்காது, வெளியில் தெரியவும் தெரியாது.

ஆகவே டப்பா வாங்குவதற்கு முன்பே கிரியேட்டினின், சிறுநீர்ப் புரதம், சர்க்கரை மூன்றையும் பாருங்கள், ரத்த அழுத்தத்தையும் பாருங்கள். முந்தின இரண்டு நாள் கனமான பயிற்சியும் கறியும் வேண்டாம். அந்த அறிக்கையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என்றைக்காவது எண் ஏறினால் எங்கிருந்து ஏறியது என்று ஒப்பிட உங்கள் கையில் ஒரு கணக்கு இருக்கும். எந்த மருத்துவரிடம் போனாலும், எந்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனாலும், அவர்கள் கேட்காமலே நீங்கள் சொல்ல வேண்டியது: நான் கிரியேட்டின் எடுக்கிறேன்.

அந்தத் தம்பியும் பரிசோதனை எடுத்தான். 0.9 வந்தது. அறிக்கையை அம்மாவிடம் காட்டி, வேறு எதையும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறான். டப்பா இப்போது பீரோவிலிருந்து அடுப்படி அலமாரிக்கு வந்துவிட்டது.

கடையில்

கடைக்காரர் உங்கள் முன் ஏழெட்டு வகையை அடுக்குவார். ஹைட்ரோகுளோரைடு, ஈதைல் எஸ்டர், நைட்ரேட், பஃபர் செய்தது என்று பெயர்கள் வரும், விலையும் ஏறிக்கொண்டே போகும். சாதாரண மோனோஹைட்ரேட்டை விட இவற்றில் எதுவும் மேலானது என்று நிரூபணம் ஆகவில்லை. ஈதைல் எஸ்டர் வகை அதைவிட மோசம்; அதில் கணிசமான பகுதி தசைக்குப் போகாமலே கிரியேட்டினின் கழிவாக மாறிவிடுகிறது. ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவை மோனோஹைட்ரேட்டை வைத்துத்தான் நடந்திருக்கின்றன. மைக்ரோனைஸ்டு என்று போட்டிருந்தால் பொடியை இன்னும் நைசாக அரைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கலக்க எளிது, பலன் ஒன்றுதான்.

டப்பாவின் பின்பக்கம் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். ஒரே ஒரு பெயர் இருக்க வேண்டும்: கிரியேட்டின் மோனோஹைட்ரேட். சுவையூட்டியது என்றால் இனிப்பும் நிறமும் கூட இருக்கும், அது பரவாயில்லை. ஆனால் “மாஸ் பிளெண்ட்”, “சீக்ரெட் ஃபார்முலா” என்று எதையாவது போட்டு, எது எத்தனை கிராம் என்று சொல்லாத கலவையைத் திரும்ப வைத்துவிடுங்கள். இதைச் சும்மா சொல்லவில்லை. 2024-ல் வெளியான ஓர் ஆய்வில் கேரள மருத்துவர்கள் உள்ளிட்ட குழு, இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரதப் பொடிகளைப் பரிசோதித்தது. சுமார் 70 சதவீதப் பொடிகளில் டப்பாவில் போட்டிருந்த புரத அளவும் உள்ளே இருந்ததும் ஒத்துப்போகவில்லை. அது புரதப் பொடி, இது கிரியேட்டின். ஆனாலும் இரண்டும் விற்பது ஒரே அலமாரியில்தான்.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) 14 இலக்க உரிம எண் டப்பாவில் இருக்க வேண்டும். அதை ஆணையத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் எந்த நிறுவனத்துக்குக் கொடுத்தது என்று தெரிந்துவிடும். இறக்குமதிச் சரக்கு என்றால் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் ஒட்டியிருக்க வேண்டும். சுரண்டிப் பார்க்கும் குறியீடு இருந்தால் கடையிலேயே சுரண்டிச் சரிபாருங்கள். போட்டிகளில் கலந்துகொள்கிறவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியையும் (பேட்ச்) தடைப்பொருள்களுக்காகச் சோதித்த முத்திரை உள்ளதைத்தான் வாங்க வேண்டும். இன்ஃபார்ம்டு ஸ்போர்ட் அப்படிப்பட்ட ஒரு முத்திரை. கிரியேட்டின் தடைப் பொருள் இல்லை. அதே ஆலையில் வேறு பொருள் கலந்து போயிருந்தால் மாட்டிக்கொள்வது நீங்கள்.

தனித்தனியாகப் பிரித்து பாலித்தீன் பையில் கட்டித் தரும் பொடியை, கொடுப்பவர் ஜிம் மாஸ்டராகவே இருந்தாலும் வாங்க வேண்டாம்.

எவ்வளவு வாங்குவது? தினம் 3 கிராம் என்றால் 250 கிராம் டப்பா 83 நாளைக்கு வரும். முதல் முறைக்கு 100 கிராமே போதும், அதுவே ஒரு மாதம் ஓடும். விலையைக் கிராமால் வகுத்துப் பாருங்கள், எது மலிவு என்று தெரிந்துவிடும்.

எவ்வளவு, எப்போது, எப்படி?

தினம் 3 கிராம். உடம்பு பெரிதாக இருந்தால், 80 கிலோவுக்கு மேல் என்றால், 5 கிராம். இதற்கு மேல் எடுத்து ஆகப்போவது ஒன்றும் இல்லை.

“லோடிங்” என்று ஒரு முறை சொல்வார்கள்: முதல் ஐந்தாறு நாள் தினம் 20 கிராமை நான்கு வேளையாகப் பிரித்து எடுப்பது. தசையின் இருப்பு ஒரே வாரத்தில் நிரம்பிவிடும், உண்மைதான். ஆனால் தினம் 3 கிராம் வீதம் 28 நாள் எடுத்தாலும் இருப்பு அதே அளவுக்கு வந்து நிற்கிறது என்று 1996-லேயே ஹல்ட்மன் குழு காட்டிவிட்டது. போட்டிக்குப் பத்து நாள் இருக்கிற ஆளுக்கு லோடிங் சரி. நமக்கு என்ன அவசரம்? லோடிங் செய்கிறவர்களில்தான் வயிற்றுப்போக்கு, வயிறு உப்புசம் என்று புலம்புகிறவர்கள் அதிகம். மூன்று கிராமோடு நிதானமாக ஆரம்பியுங்கள்.

டப்பாவுக்குள் ஒரு சின்னக் கரண்டி இருக்கும். மேலாக இல்லையென்றால் பொடிக்குள் புதைந்திருக்கும், ஒரு சுத்தமான ஸ்பூனால் தோண்டி எடுங்கள். அது 3 கிராமா 5 கிராமா என்று டப்பாவில் படியுங்கள். தலைதட்டி எடுக்க வேண்டும், குவித்து எடுத்தால் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு வந்துவிடும். சமையலறைத் தராசு இருந்தால் ஒரு முறை நிறுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கலக்குவதில் ஒரு சின்ன விஷயம். கிரியேட்டின் தண்ணீரில் லேசில் கரையாது. சாதாரணத் தண்ணீரில் லிட்டருக்கு 14, 15 கிராம்தான் கரையும். ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரில் 5 கிராமைப் போட்டு ஸ்பூனால் எவ்வளவு கிண்டினாலும், குடித்து முடித்ததும் அடியில் வெள்ளை மணல் மாதிரி ஒரு படிவு ஒட்டிக்கொண்டிருக்கும். பலபேர் அதைக் கழுவி ஊற்றிவிடுகிறார்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கியது அதுதான். பெரிய டம்ளர் முழுக்க வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்குங்கள். கடைசியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிச் சுழற்றி அதையும் குடித்துவிடுங்கள். காலையில் கலக்கி பாட்டிலில் ஊற்றி நாள்கணக்கில் வைக்க வேண்டாம். தண்ணீரில் கிடந்தால் மெல்ல மெல்ல அது கிரியேட்டினினாக மாறிவிடும். காய்ந்த பொடிக்கு அந்தப் பிரச்சினை இல்லை. மழைக்காலத்தில் ஈரக் கரண்டி பட்டுக் கட்டிதட்டினாலும் உடைத்துப் பயன்படுத்தலாம்.

எந்த நேரம் என்பது பெரிய விஷயமே இல்லை. பயிற்சிக்கு முன்னா பின்னா என்று சண்டை போடுகிறவர்கள் போடட்டும். தினமும் எடுப்பதுதான் முக்கியம், ஜிம்முக்குப் போகாத நாளிலும் சேர்த்து. நான் மதியச் சாப்பாட்டோடு எடுக்கிறேன். வெறும் வயிற்றில் சிலருக்குக் குமட்டும், சாப்பாட்டோடு எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. ஒரு நாள் மறந்துபோனால் மறுநாள் இரட்டிப்பாக எடுக்க வேண்டாம், வழக்கம்போல எடுத்தால் போதும். இரண்டு மாதம் எடுத்து ஒரு மாதம் நிறுத்த வேண்டும் என்று சொல்வதற்கும் ஆதாரம் கிடையாது. நிறுத்த நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், நாலைந்து வாரத்தில் இருப்பு பழைய நிலைக்கு வந்துவிடும்.

பயிற்சிக்கு முன் குடிக்கும் பொடிகள் பலவற்றில் ஏற்கெனவே கிரியேட்டின் கலந்திருக்கும். அதையும் குடிக்கிறீர்கள் என்றால் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் மாதம்

எடை ஏறும். இரண்டு மூன்று வாரத்துக்குள் ஒரு கிலோ, சிலருக்கு அதற்கும் கொஞ்சம் மேலே. அது கொழுப்பு இல்லை. கிரியேட்டின் தசைக்குள் போகும்போது தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது, அந்தத் தண்ணீரின் எடை. எடை குறைக்கவே ஜிம்மில் சேர்ந்தவர்கள், குறிப்பாகப் பெண்கள், இந்தக் கட்டத்தில்தான் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். எடை இயந்திரத்தைக் கொஞ்ச நாளைக்கு நம்பாமல் இடுப்பை இன்ச் டேப்பால் அளந்து பாருங்கள். பெண்களுக்கும் இது ஆண்களைப் போலவேதான் வேலை செய்கிறது. குரல் தடிப்பதோ மீசை முளைப்பதோ நடக்காது, ஹார்மோன் இல்லையே.

ஒரு 40 பக்க நோட்டு வாங்கி, பொடி ஆரம்பிப்பதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே எழுதுங்கள். என்ன பயிற்சி, எத்தனை கிலோ, எத்தனை ரெப், எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள். ஆறு வாரம் கழித்து முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரெப் ஏறியிருந்தால் தொடருங்கள். எதுவும் மாறவில்லை, தூக்கமும் சாப்பாடும் ஒழுங்காகத்தான் இருந்தன என்றால், கிரியேட்டினால் பலன் கிடைக்காத சிலரில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். அந்தக் காசுக்கு முட்டையும் கடலையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வயிறு தொடர்ந்து தொந்தரவு செய்தால் அளவைப் பாதியாக்கி இரண்டு வேளையாக எடுங்கள். கால் வீங்கினாலோ சிறுநீர் குறைந்தாலோ நுரைத்தாலோ பொடியை நிறுத்திவிட்டு நேராக மருத்துவரிடம் போங்கள்.

முடி கொட்டுமா என்று கேட்காத ஆள் இல்லை. 2009-ல் தென்னாப்பிரிக்காவில் 20 கல்லூரி ரக்பி வீரர்களை வைத்து மூன்று வாரம் நடத்திய ஓர் ஆய்வுதான் இந்தப் பேச்சுக்கு மூலம். முடி உதிர்வோடு தொடர்புள்ள டி.எச்.டி. என்ற ஹார்மோன் அவர்களுக்குக் கூடியது. யாருடைய முடியையும் அவர்கள் அளந்து பார்க்கவில்லை. 2025-ல் வந்த 12 வார ஆய்வில் முடியையே நேரடியாக அளந்தார்கள், கிரியேட்டின் எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை.

நம் ஊர் வெயிலில் உடம்பு வறண்டுபோகும், தசை பிடிக்கும் என்பதும் ஆய்வுகளில் நிரூபணம் ஆகாத பயம்தான். தாகத்துக்குத் தக்கபடி தண்ணீர் குடியுங்கள், சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். காபியை விட வேண்டியதில்லை.

வீட்டில் பெரியவர்களுக்கு

கிரியேட்டின் இளைஞர்கள் புஜம் ஏற்றும் பொருள் என்று நினைத்துவிட்டோம். என்னைக் கேட்டால் இதன் பெரிய பயன் இன்னொரு பக்கம் இருக்கிறது. வயதாக ஆகத் தசை கரைகிறது. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கை தேடுகிறது, படி ஏறத் தயக்கம் வருகிறது. எடைப் பயிற்சியோடு கிரியேட்டினும் சேர்த்த முதியவர்களுக்கு, பயிற்சி மட்டும் செய்தவர்களை விடத் தசை ஒரு கிலோ அளவுக்குக் கூடுதலாகச் சேர்ந்ததாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, வாரம் மூன்று நாளாவது எடைப் பயிற்சி செய்தால், தினம் 3 கிராம் தசை பலத்துக்கு உதவுகிறது என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. பயிற்சி இல்லாமல் பொடி மட்டும் கொடுத்தால் இந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது. அந்த வயதில் சிறுநீரகப் பரிசோதனையும் மருத்துவர் அனுமதியும் இல்லாமல் ஆரம்பிக்கவே கூடாது.

என் அம்மாவுக்கு 63 வயது. போன வருடம் மருத்துவரிடம் அழைத்துப்போய், எல்லாப் பரிசோதனையும் பார்த்து, அவர் சரி என்று சொன்ன பிறகுதான் ஆரம்பித்தோம். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்து எழுவார். முதல் வாரம் மேசையைப் பிடித்துக்கொண்டு நான்கு முறை எழுந்தார். இப்போது கையில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை அணைத்துக்கொண்டு பன்னிரண்டு முறை, மூன்று செட். மூன்றாவது செட்டில் முணுமுணுப்பார், ஆனால் விடமாட்டார். மதியம் ரசம் சாதத்தோடு 3 கிராம், பெரிய டம்ளரில். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் கொடுக்கப் போகும்போது, ஊசியோடு வரும் பெண்ணிடம் நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவரே சொல்லிவிடுகிறார்: “அம்மாடி, நான் கிரியேட்டின் சாப்பிடறேன், முதல்ல அதை எழுதிக்கோ.”